போடிமெட்டு ஏற்றமும் பழைய எம்பிஎஃப்ஐ காரும்: மல்டிமீட்டரை நம்பி டியூன் செய்யலாமா?

"தேனி ரோட்டுல நல்லாத்தான் ஓடுது. முந்தல் தாண்டி ஏற்றம் பிடிச்சதும் இழுக்க மாட்டேங்குது." பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் போடிக்காரரிடம் வண்டியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்துவிடுவார். ஒர்க்‌ஷாப்பில் இதற்குக் கிடைக்கும் பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவச் சொல்வார். இன்னொருவர் பிளக்கை மாற்றச் சொல்வார். மூன்றாமவர், "லீனா ஓடுது, கொஞ்சம் ரிச் பண்ணிட்டா சரியாப்போயிடும்" என்பார். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது பதிலைப் பற்றியது. லீன் (பெட்ரோல் குறைவு) என்றும் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்றும் எதை அளந்து சொல்கிறோம்? ஆய்வுக்கூடமோ டைனோவோ இல்லாத ஊரில், மல்டிமீட்டர், சில எல்இடி விளக்குகள், கழற்றிய பிளக்கின் நிறம், புகைச் சான்று மையத்தின் எந்திரம் ஆகியவற்றைக் கொண்டு பழைய எஞ்சினின் காற்று-பெட்ரோல் கலவையைக் கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்தால் திருத்த முடியுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டுபிடிக்க முடியும், ஒரு எல்லை வரைக்கும். அதை வைத்துக் கலவையைத் திருத்தப் போனால் பெரும்பாலும் கெடுதல்தான். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு தெரியாமல்தான் நல்ல எஞ்சின்கள் வீணாகின்றன.

போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழைய கொச்சி-தனுஷ்கோடி நெடுஞ்சாலை, இந்தப் பகுதியில் இன்றைய எண் 85, முந்தலைத் தாண்டியதும் மலையேறத் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுமார் 1,370 மீட்டர் உயரத்தில் போடிமெட்டை அடைகிறது. அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை என ஏலக்காய்த் தோட்டங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டர் ஏறுகிறோம். போடியில் சுமார் 970 மில்லிபார் இருக்கும் காற்றழுத்தம் மெட்டில் சுமார் 860-க்கு இறங்கிவிடுகிறது. மேலே குளிர்ச்சி என்பதால் காற்று சற்றே அடர்ந்துகொள்ளும். அதைக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சினுக்குள் போகும் காற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. 37 குதிரைத்திறன் கொண்ட மாருதி 800 மெட்டில் நிற்கும்போது சுமார் 33 குதிரைத்திறன் வண்டிதான். எந்த டியூனிங்கும் இதை மீட்டுத் தராது. "மேலே போனா இழுக்கல" என்ற புகாரில் ஒரு பகுதி இயற்கையின் கணக்கு. மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

மிச்சப் பகுதிதான் கலவை. கார்புரேட்டர் காலத்தில் இது வேறு மாதிரி இருந்தது. கார்புரேட்டருக்குக் காற்றின் அடர்த்தி தெரியாது. வெஞ்சுரி வழியே ஓடும் காற்றின் வேகத்துக்கு ஏற்பப் பெட்ரோலை உறிஞ்ச விடும், அவ்வளவுதான். அடர்த்தி பத்து சதவீதம் குறைந்தால் கலவை சுமார் ஐந்து சதவீதம் ரிச் ஆகிவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டரால் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ அப்படியல்ல. மாருதி வகையைச் சேர்ந்த பழைய எம்பிஎஃப்ஐ எஞ்சின்களில் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சார் அளக்கிறது. காற்றின் வெப்பத்தையும் எஞ்சின் சுற்றையும் சேர்த்து, எவ்வளவு காற்று உள்ளே போயிருக்கும் என்று கணினி கணக்கிட்டு, அதற்கேற்ப இன்ஜெக்டரைத் திறக்கிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோலும் தானாகக் குறையும். ஆகவே, சென்சார்கள் சரியாக இருக்கும் எம்பிஎஃப்ஐ கார் உயரம் ஏறியதால் மட்டும் பெரிதாக ரிச்சோ லீனோ ஆக வாய்ப்பில்லை. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல பழைய கணினிகள் வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சாவி போடும் நொடியில் படித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தும்போதுதான் அதைப் புதுப்பிக்கும். போடியில் ஸ்டார்ட் செய்து அரை மிதியிலேயே ஏறி வந்தவர், மெட்டில் டீ குடிக்க நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் "இப்ப நல்லா ஓடுது" என்று சொன்னால் அது பிரமையாக இருக்க வேண்டியதில்லை.

இந்த எஞ்சின்கள் நம் ஊருக்கு வந்த கதையையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கேடலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து எம்பிஎஃப்ஐயோடு சான்ட்ரோ வந்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதிக்கு யூரோ விதிகளை விரைவுபடுத்தியதும் மாருதியும் கார்புரேட்டரைக் கைவிட்டு மாறியது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க நின்றது. ஈயம் ஆக்ஸிஜன் சென்சாரைக் கொன்றுவிடும் என்பதால், அதற்கு முன் பெருநகரத்திலிருந்து சிற்றூர்களுக்கு வந்த கார்களில் அந்தச் சென்சார் எத்தனை நாள் உயிரோடிருந்திருக்கும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். 2010-இல் 13 பெரிய நகரங்களில் பிஎஸ்4 புகை விதி வந்தபோது அந்நகரங்களில் மாருதி 800 விற்பனை நின்றது. போடி போன்ற ஊர்களில் 2014-இல் உற்பத்தி முடியும் வரை விற்றுக்கொண்டிருந்தது. அதனால்தான் இன்றும் இந்த மலைச்சாலையில் அதைப் பார்க்கிறோம்.

இந்த வரலாற்றில் நமக்கு வேண்டிய செய்தி வேறொன்று. வண்டியே தன் கோளாறைக் கண்டறிந்து சொல்லும் ஓபிடி ஏற்பாடு இந்தியாவில் கட்டாயமானது பிஎஸ்4 காலத்தில்தான். எனவே 2010-க்கு முந்தைய பெரும்பாலான கார்களில், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியைச் செருகினால் எதுவும் பேசாது. சில வண்டிகளில் பொருந்தும் சாக்கெட்டே இருக்காது. சுசுகியின் பழைய முறையில் டயக்னாஸ்டிக் கனெக்டரில் இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் செக் எஞ்சின் விளக்கு சிமிட்டி எண் சொல்லும். ஒரு சிமிட்டு, இடைவெளி, இரண்டு சிமிட்டு என்றால் 12, கோளாறு இல்லை. 13 என்றால் ஆக்ஸிஜன் சென்சார். அந்த எண் ஒயர் அறுந்ததையும் சென்சார் செத்ததையும் சொல்லும். கலவை எப்படி இருக்கிறது என்று சொல்லாது. அதனால்தான் கைவசம் இருப்பதை வைத்து அளக்கும் வித்தைகள் பிறந்தன.

ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதும் சொல்லாததும்

எஞ்சினுக்குத் தேவையான காற்றும் பெட்ரோலும் ஒன்றையொன்று மிச்சமின்றித் தின்று தீர்க்கும் விகிதம், எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். இதை லாம்டா 1 என்பார்கள். அதற்குக் கீழே ரிச், மேலே லீன். பாஷ் நிறுவனம் உருவாக்கிய ஜிர்க்கோனியா சென்சார் 1976-இல் வோல்வோ கார்களில் முதலில் வந்தது. நம் பழைய கார்களின் எக்ஸாஸ்டில் மரையோடு திருகியிருப்பதும் அதே இனம்தான். கலவை ரிச் என்றால் அது 0.8, 0.9 வோல்ட் தரும். லீன் என்றால் 0.1. நடுவில் 0.45-இல் சட்டென்று தாவும். சுமார் 300 டிகிரி சூடேறினால்தான் வேலை செய்யும்.

சட்டென்று தாவும் என்பதுதான் இங்கே சங்கதி. இந்தச் சென்சார் அளவுகோல் அல்ல, சுவிட்ச். லாம்டா 0.97-இலிருந்து 0.80 வரை கலவை எவ்வளவோ மாறினாலும் வோல்டேஜ் பத்தில் ஒரு வோல்ட் அளவுகூட மாறாது. அதே நேரம் எக்ஸாஸ்ட் சூடு மாறினாலே அந்த அளவுக்கு வோல்டேஜ் ஆடிவிடும். "0.88 வருது, அப்போ 12.8" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது 12-ஆகவும் இருக்கலாம், 13.8-ஆகவும் இருக்கலாம்.

இனி மல்டிமீட்டர். பழைய முள் மீட்டர் உதவாது. அது சென்சாரிலிருந்தே கரண்ட் இழுத்துப் பொய் சொல்லும். டிஜிட்டல் மீட்டரை 2 வோல்ட் டிசியில் வைக்க வேண்டும். நான்கு ஒயர் சென்சாரில் பாஷ் நிறங்கள் என்றால் இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் கிரவுண்ட். டென்ஸோ என்றால் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை கிரவுண்ட். பாஷில் சிக்னலாக இருக்கும் கறுப்பு டென்ஸோவில் ஹீட்டர் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி ஒயரில் கைவைக்கக் கூடாது. கனெக்டரின் பின்பக்கம் ரப்பர் சீலை ஒட்டிக் குண்டூசியை நுழைத்து அதில் மீட்டர் முனையைக் கவ்வ வைப்பதுதான் ஒர்க்‌ஷாப் வழக்கம். ஒயரின் தோலைக் குத்துவது, வெட்டிச் சால்டர் வைப்பது, கனெக்டரில் கிரீஸ் பூசுவது எல்லாம் தவறு. பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அந்த ஒயரின் இழைகள் வழியாகத்தான் உள்ளே எடுத்துக்கொள்கின்றன. வழியை அடைத்தால் ரீடிங் கெடும்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, 2,000-2,500 சுற்றில் நிறுத்திப் பாருங்கள். மீட்டர் 0.2-க்கும் 0.8-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். பத்து நொடியில் எட்டு முறையாவது தாவினால் சென்சார் உயிரோடிருக்கிறது, கணினி அதைக் கேட்டுக் கலவையைத் திருத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். மல்டிமீட்டர் மெதுவானது. ஒவ்வொரு தாவலையும் காட்டாமல் சராசரியைக் காட்டும். அதற்குத்தான் சிலர் எல்எம்3914 என்ற சிறு ஐசியை வைத்துப் பத்து எல்இடி வரிசை செய்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும் சரக்கு. விளக்கு இடமும் வலமும் ஓடுவது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பத்து நிலை காட்டுவதால் பத்து விதமான கலவையைக் காட்டுவதாக மனது நம்பிவிடும். காட்டுவது அதே ஒரு சுவிட்சைத்தான். அந்த வகையில் எல்இடி வரிசையைவிட மல்டிமீட்டர் நேர்மையானது.

மீட்டர் 0.1-இலேயே படுத்துக்கிடந்தால் உடனே "லீன்" என்று தீர்ப்பெழுதும் அவசரம் நம்மவர்களுக்கு உண்டு. அந்தச் சென்சார் பார்ப்பது பெட்ரோலை அல்ல, ஆக்ஸிஜனை. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் மயிரிழை கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வந்து லீன் என்று காட்டும். ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங் இருந்தால் எரியாத காற்று அப்படியே வெளியே வந்து அதுவும் லீன் என்று காட்டும். ஜூலை, ஆகஸ்டில் மெட்டுப் பக்கம் மூடுபனி இறங்கி எல்லாம் ஈரமாகும்போது பழைய பிளக் ஒயர்களில் கரண்ட் வெளியே தாவி மிஸ்ஸிங் வரும். அப்போது மீட்டர் லீன் என்று சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டினால் என்ன ஆகும்? கணினியும் அதே பொய்யைக் கேட்டு ஏற்கெனவே பெட்ரோலைக் கூட்டியிருக்கும். எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும். சில நூறு ரூபாய் பிளக் ஒயரில் முடிய வேண்டியது பல ஆயிரத்தில் முடியும்.

ஏற்றத்தில் சோதனை

உண்மையான கேள்வி கொண்டை ஊசி வளைவில்தான் எழுகிறது. இரண்டாம் கியர், ஆக்சிலேட்டர் முழுக்க அழுத்தியிருக்கிறது. இந்த நிலையில் கணினி ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்பதையே நிறுத்திவிட்டு, தன் நினைவில் எழுதிவைத்த அட்டவணைப்படி வேண்டுமென்றே ரிச்சாக, லாம்டா 0.85-0.90 அளவில் பெட்ரோல் கொடுக்கும். அதிக இழுவைக்கும் எஞ்சினைக் குளிர்ச்சியாக வைக்கவும் அதுதான் சரி. ஆக, மலையேறும் காருக்கு எந்த நிலையில் கலவை முக்கியமோ அந்த நிலையில் பழைய சென்சாருக்குக் கண் தெரியாது.

முழுக் குருடல்ல, அரைக் குருடு. எவ்வளவு ரிச் என்று சொல்லாதே தவிர, ரிச்சா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்லும். இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மீட்டரை டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் இருப்பவர் போனில் வீடியோ எடுக்கட்டும். 17 வளைவில் வண்டி ஓட்டிக்கொண்டே மீட்டரைப் பார்ப்பது தற்கொலை. வீடியோவில் எஞ்சின் சத்தமும் பதிவாவதால், எந்த இடத்தில் அழுத்தினோம், எங்கே விட்டோம் என்று வீட்டில் நிதானமாகப் பார்க்கலாம். முழு மிதியில் மீட்டர் 0.8-க்கு மேல் ஏறி அசையாமல் நின்றால் பெட்ரோல் போதுமான அளவு வருகிறது. 0.8-இல் தொடங்கி, சில நொடி இழுத்ததும் 0.3, 0.2 என்று சரிந்தால் பெட்ரோல் பட்டினி. அடைத்த ஃபில்டர், தேய்ந்த பம்ப், மோசமான பம்ப் ஒயரிங், அடைபட்ட இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தேனி ரோட்டில் அரை மிதியில் ஓடும்போது பம்புக்குக் கஷ்டமில்லாததால் இந்தக் கோளாறு தெரியாது, ஏற்றத்தில்தான் தெரியும். பழைய கார்களின் "இழுக்கல" புகாரில் இதற்குப் பெரிய இடம் உண்டு என்பது என் கருத்து. அட்டவணையைத் திருத்தி ரிச் செய்வதாக நினைத்து இன்ஜெக்டரை அதிக நேரம் திறந்துவைத்தாலும், வராத பெட்ரோல் வராது.

மீட்டர் 0.85-இல் உறுதியாக நிற்கிறது, ஆனாலும் இழுக்கவில்லை என்றால்? அப்போது கலவையை விட்டுவிடுங்கள். கிளட்ச் வழுக்குகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா, கேடலிடிக் அடைத்துக்கொண்டதா என்று பாருங்கள். அடைத்திருந்தால், சுற்றை 2,500-இல் பிடித்து வைக்கும்போது வேக்குவம் கேஜ் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இந்தக் கேஜிலும் மலைக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஆயிரம் அடி ஏறினால் ரீடிங் சுமார் ஒரு அங்குலம் குறையும். போடியில் ஐடிலிங்கில் 18 அங்குலம் காட்டும் ஆரோக்கியமான எஞ்சின் மெட்டில் 15 அங்குலம்தான் காட்டும். புத்தகத்தில் 17-க்குக் குறைந்தால் ஏர் லீக் என்று எழுதியிருக்கிறதே என்று அங்கே நின்று தேட ஆரம்பித்தால் இல்லாத லீக்கைத் தேடுவீர்கள்.

பிளக்கின் நிறம் பார்ப்பது பழைய வித்தை. கார்புரேட்டர் காலத்தில் முழு இழுவையில் வைத்து அப்படியே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால்தான் நிறம் அந்த நிலையைச் சொல்லும். மலைச்சாலையில் எஞ்சினை அணைத்தால் பிரேக் பூஸ்டர் உதவியும் போய்விடும். யாரும் செய்ய வேண்டாம். வீட்டுக்கு வந்து ஐடிலிங்கில் ஓடிய பிறகு கழற்றிப் பார்க்கும் பிளக், ஐடிலிங்கைப் பற்றித்தான் சொல்லும்.

பக்கத்திலேயே இருக்கும் ஆய்வுக்கூடம்

மீட்டரைவிட நல்ல கருவி பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் அதைக் கருவியாகப் பார்ப்பதில்லை. புகைச் சான்று மையத்தில் சைலன்சருக்குள் விடும் குழாயின் மறுமுனையில் இருப்பது வாயுப் பகுப்பாய்வு எந்திரம். நான்கு வாயு எந்திரம் என்றால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், கார்பன் டை ஆக்சைடு, ஆக்ஸிஜன் நான்கையும் அளந்து, அவற்றிலிருந்து லாம்டாவையும் கணக்கிட்டுத் தரும். பிஎஸ்4 கார்களுக்கு 2,500 சுற்றில் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது விதி. பிஎஸ்2, பிஎஸ்3 கார்களுக்கு ஐடிலிங்கில் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் என்பதுதான் வரம்பு. அதற்கு முந்தையவற்றுக்கு 3 சதவீதமும் 1,500 பிபிஎம்மும்.

நாம் பாஸா ஃபெயிலா என்று மட்டும் கேட்டு, சான்றிதழை மடித்து டேஷ்போர்டில் போட்டுவிடுகிறோம். எண்களைப் படித்தால் எஞ்சினே பேசும். மோனாக்சைடு அதிகம், ஆக்ஸிஜன் குறைவு என்றால் உண்மையான ரிச். மோனாக்சைடு குறைவு, ஹைட்ரோகார்பனும் ஆக்ஸிஜனும் அதிகம் என்றால் மிஸ்ஸிங். மல்டிமீட்டர் லீன் என்று ஏமாறும் அதே மிஸ்ஸிங்கை இந்த எந்திரம் பிரித்துக் காட்டிவிடும். அதன் லாம்டா கணக்கு கேடலிடிக்குக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான் என்பது கூடுதல் வசதி. கன்வர்ட்டர் வாயுக்களை மாற்றிப்போடுமே தவிர மொத்த ஆக்ஸிஜன் கணக்கை மாற்றாது. ஒரே நிபந்தனை, சைலன்சரில் ஓட்டை இருக்கக் கூடாது. சர்வீஸுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு பேசும் வாடிக்கையாளரை எந்த மெக்கானிக்கும் ஏமாற்ற முடியாது. சில மையங்களில் குழாயைச் சரியாக நுழைக்காமலே சான்றிதழ் அச்சாகிறது என்பதும் ஊரறிந்த ரகசியம்தான். நமக்கு எண் வேண்டுமென்றால் பக்கத்தில் நின்று, குழாய் ஒரு அடியாவது உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரெசிஸ்டர் வைத்தியம்

கலவையைத் தெரிந்துகொள்வதோடு நிற்காமல் மாற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பழைய காரின் கணினிக்குள் புகுந்து அட்டவணையை மாற்றுவது எளிதல்ல. எனவே கணினியை ஏமாற்றும் வழிகள். மிகப் பிரபலமானது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் ஒயரில் ஒரு ரெசிஸ்டரைக் கோப்பது. அந்தச் சென்சார் குளிர்ந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும். எனவே எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று கணினி நம்பி அதிகப் பெட்ரோல் கொடுக்கும். சமவெளியில் ஆக்ஸிஜன் சென்சார் கண்டுபிடித்துத் திரும்பக் குறைத்துவிடுவதால் எந்த மாற்றமும் தெரியாது. முழு மிதியில் மட்டும் கொஞ்சம் ரிச் ஆகும். "மேட்டில் இழுக்குது" என்ற திருப்தியும் வரும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேனைப் போடுவதும் அதே சென்சார்தான். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நம்பும் கணினி ஃபேனைத் தாமதமாகப் போடும். பன்னிரண்டாவது வளைவில், மெதுவேகத்தில், முழு இழுவையில், எதிர்க்காற்று இல்லாத இடத்தில் ஃபேன் தாமதமானால் அடுத்தது ஹெட் கேஸ்கெட்.

மைலேஜ் ஆசைக்காரர்கள் இதே வேலையை எதிர்த்திசையில் செய்து லீன் ஆக்குவார்கள். அது இன்னும் ஆபத்து. முழு இழுவையில் லீன் கலவை சூடாக எரியும், நாக்கிங் வரும், பிஸ்டன் உருகும்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டும் வைத்தியமும் உண்டு. செய்ததும் வண்டி நன்றாக ஓடுகிறது, சில நாளில் பழையபடி ஆகிறது. ஏர் லீக்குக்கோ செத்த சென்சாருக்கோ ஏற்பக் கணினி கற்றுவைத்திருந்த திருத்தம் அழிகிறது, பிறகு மறுபடி கற்றுக்கொள்கிறது. இப்படி ஆனால் அதுவே ஒரு நோய்க்குறி. எங்கோ ஏர் லீக் இருக்கிறது, அல்லது ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

இப்போது எல்லாவற்றுக்கும் மேல் இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வந்து சேர்ந்திருக்கிறது. 2023-இல் சில பங்க்குகளில் தொடங்கி இன்று பெரும்பாலான இடங்களில் அதுதான். எத்தனால் தன்னோடு ஆக்ஸிஜனைக் கொண்டு வருவதால் அதற்கு 9 பங்கு காற்றே போதும். இருபது சதவீதம் கலந்தால் சரியான விகிதம் 14.7-இலிருந்து சுமார் 13.5-க்கு இறங்குகிறது. அதே வேலைக்கு ஏழெட்டு சதவீதம் அதிகப் பெட்ரோல் தேவை. சமவெளியில் ஆக்ஸிஜன் சென்சார் இதைச் சரிசெய்துவிடும். மைலேஜ் மட்டும் குறையும். முழு மிதியில் சென்சார் பேச்சு எடுபடாது என்பதால், 0.86-இல் இருக்க வேண்டிய லாம்டா 0.92-0.93-க்குப் போகும். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. அப்போதும் அது ரிச் பக்கம்தான். எத்தனாலின் ஆக்டேன் உயர்வும் குளிர்ச்சியும் நாக்கிங்கைத் தடுக்கும். ஏற்கெனவே பம்ப் தேய்ந்து அரைப்பட்டினியில் இருக்கும் எஞ்சினுக்குத்தான் இந்த ஏழு சதவீதம் கடைசி அடியாகும். கலவையைவிட, இருபது வருட ரப்பர் குழாய்களும் சீல்களும் எத்தனாலில் ஊறி வெடிப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

உண்மையாக அட்டவணையை மாற்ற வேண்டுமானால் வைட்பேண்ட் சென்சார் வேண்டும். பாஷ் எல்எஸ்யூ 4.9 வகை சென்சாரும் அதற்கான கன்ட்ரோலரும் லாம்டாவை ஒழுங்காக, எண்ணாகவே சொல்லும். கோயம்புத்தூர் ரேஸ் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. எக்ஸாஸ்டில் ஒரு புஷ் வெல்ட் செய்து, தண்ணீர் தேங்காதபடி சென்சாரைச் சாய்வாக மேல்நோக்கிப் பொருத்த வேண்டும். மீட்டரை 14.7 கணக்கில் வைக்காமல் லாம்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். இ20 ஓடும்போதும் அந்த மீட்டர் லாம்டா 1-ஐ 14.7 என்றே காட்டி உங்களைக் குழப்பும். அதன் பிறகு 2001-இல் அமெரிக்க ஆர்வலர்கள் இருவர் தொடங்கிய மெகாஸ்குவர்ட் போன்ற திறந்த கணினிகளை வைத்து எஞ்சினையே மறுபடி எழுதலாம். எழுதத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய உலகம். ஆனால் செலவு பழைய 800-இன் விலையைத் தொட்டுவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும், அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்ற 2019 திருத்தத்தையும் நினைவில் வைக்க வேண்டும். மெட்டைத் தாண்டினால் கேரளம். மாற்றியமைத்த வண்டிகள் விஷயத்தில் அவர்கள் கறார்.

சும்மா இருக்கும் மல்டிமீட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைச் செய்ய எந்தத் திருத்தமும் தேவையில்லை. மெட்டிலிருந்து இறங்கும்போது இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் வைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 0.1-க்கும் கீழே போய்ப் படுத்துவிடும். கோளாறு இல்லை. சக்கரமே எஞ்சினைச் சுற்றுவதால் கணினி இன்ஜெக்டர்களை அடியோடு மூடிவிட்டது, எக்ஸாஸ்டில் வெறும் காற்றுதான் வருகிறது. இப்போது நியூட்ரல் போட்டால் எஞ்சின் அணையாமல் ஓடியாக வேண்டுமே, அதனால் கணினி மறுபடி பெட்ரோல் விடத் தொடங்கும், மீட்டர் மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும். போடிமெட்டு இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நம்புகிறவர்கள், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, சமமான இடத்தில் பத்திரமாக ஒருமுறை இதைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு மலைக்குப் போகட்டும். பெட்ரோல் கியரில்தான் மிச்சமாகிறது, பிரேக்கும் கியரில்தான் சூடாகாமல் இருக்கிறது.